சிறுவாணித் தண்ணீரும் சம்பந்தி வீட்டுச் சொம்பும்

என் இடது புருவத்துக்கு மேலே பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. மோட்டார் பம்பு செய்கிறவன் முகத்தில் தழும்பைப் பார்த்தால் லேத்தில் அடிபட்டதா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். லேத் என்னை ஒன்றும் செய்ததில்லை. இரும்புக்கு என்னைத் தெரியும். இது பித்தளைச் சொம்பின் விளிம்பு பட்ட இடம். எறிந்தவர் என் சம்பந்தி, என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுப் பெரியவர். சண்டைக்குக் காரணம் தண்ணீர்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். சோமனூரில் விசைத்தறிக் குடோனில் பஞ்சுத் தூசி தின்று வளர்ந்து, கணபதிக்கு வந்து வார்ப்படப் பட்டறையில் மண் சலித்து, பிறகு மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலை கற்று, பிறகு சொந்தப் பட்டறை போட்டேன். இன்றைக்கு எஞ்சினியர் படித்தவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டு, பேரிங் போயிருக்கிறதா, எங்காவது காற்று இழுக்கிறதா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமை.

அடிதடியும் எனக்குப் புதிதில்லை. சோமனூரில் எங்கள் சந்து முக்கில் ஒரே ஒரு நல்ல தண்ணிக் குழாய். மற்றதெல்லாம் உப்புத் தண்ணி. வாயில் வைத்தால் நாக்கு சுருண்டுகொள்ளும். நல்ல தண்ணி வருகிற அன்றைக்கு அந்தக் குழாயடியில் யாருடைய முடியாவது யாருடைய கையிலாவது இருக்கும். ஒருநாள் வரிசையில் எங்கள் அம்மா வைத்திருந்த குடத்தை ஒருவன் காலால் உதைத்து உருட்டினான். நான் அவன் முதுகில் ஏறிக் காதைக் கடித்தேன். கடித்ததைத் துப்புவதற்கு நாலு பேர் என் தாடையை நெம்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் குடத்தை யாரும் தொடவில்லை.

அந்த நாக்குத்தான் பிற்பாடு சிறுவாணித் தண்ணீரைக் குடித்தது. கோயமுத்தூர் வந்து முதல் வாரம், மேற்கே ஒரு வீட்டில் மோட்டார் மாட்டப் போன இடத்தில் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். சர்க்கரை போட்டிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டேன். அவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தேன், வீடு கட்டினால் இந்தத் தண்ணீர் வருகிற தெருவில்தான் கட்டுவது என்று. கணபதியில் பட்டறைக்குப் பக்கத்திலேயே இடம் இருந்தும், மலை தெரிகிற வடவள்ளிப் பக்கம் போய்க் கட்டினேன். பட்டறைக் குழாயில் வருவது பில்லூர்த் தண்ணீர். அதுவும் நல்ல தண்ணீர்தான், ஆனால் காப்பி எடுபடாது. இரண்டையும் ஒரே மாதிரி டம்ளரில் ஊற்றி வையுங்கள், நான் முகர்ந்தே சொல்வேன்.

இப்படிப்பட்டவன் மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தேன்.

சம்பந்தி என்னைப் போலவே கீழே இருந்து மேலே வந்தவர். கட்டிங் மாஸ்டராக ஆரம்பித்துப் பனியன் கம்பெனி வைத்தவர். ஒரே உறைக்குள் இரண்டு கத்தி போட்டது போல ஆகிவிட்டது. கல்யாணம் முடிந்து முதல்முறை அவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் ஒரம்பரை, விருந்தாளி, வந்தால் வாசலிலேயே சொம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பார்கள். வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. வாங்காமல் போனால் பகை என்று அர்த்தம். சம்பந்தியம்மா சொம்பை நீட்டினார். நான் அண்ணாந்து ஒரு வாய் ஊற்றினேன். நாக்கு தானாகச் சுருண்டது. நினைத்துச் செய்யவில்லை, பக்கத்திலிருந்த கறிவேப்பிலைச் செடிமேல் துப்பிவிட்டேன்.

சம்பந்தி செடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சம்பந்தி, ஈ கீ கெடந்துதுங்களா?"

"ஈ இல்லீங்க. உங்கூர்த் தண்ணிதானுங்க கெடந்துது."

என் மகள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு திருப்பூர் போகும்போதெல்லாம் காரில் ஒரு கேன் சிறுவாணித் தண்ணீர் எடுத்துப் போவேன். சம்பந்தி வாசலில் நின்று கேட்பார்: "மூச்சு விடறதுக்குக் காத்தும் கொண்டாந்துட்டீங்களா? இல்ல, எங்கூர்க் காத்தே போதுமுங்களா?"

ஒருமுறை என் மகள் சொன்னாள், குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது என்று. இந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் என்னால் சும்மா இருக்க முடியுமா? நாடே என் மோட்டாரில் தண்ணீர் இறைக்கிறது, என் மகள் வீட்டில் நூலா? அடுத்த வாரமே ஒரு மோனோபிளாக் மோட்டாரைக் கொண்டுபோய், தரைத்தொட்டிக்குப் பக்கத்தில் குழி பறித்து, தெருக் குழாய் லைனிலேயே மாட்டி, மேலே பலகைக்கல் போட்டு மூடினேன். லைனில் மோட்டார் மாட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேர் மாட்டியிருப்பதும் தெரியும். சுவிட்சைப் போட்டதும் தொட்டியில் தண்ணீர் யானை மூத்திரம் போல விழுந்தது. சம்பந்தியின் முகத்தில் முதல்முறையாக என்மேல் ஒரு மரியாதை வந்ததைப் பார்த்தேன்.

சில மாதம் போனது. பேத்திக்கு வயிற்றுப்போக்கு என்று போன் வந்தது. மூன்று வயதுக் குழந்தை. நான் போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் செருகிக் கிடந்தது. நரம்பு கிடைக்காமல் கையில் ஊசி குத்திக் குத்திப் புறங்கை கறுத்திருந்தது. கெட்ட தண்ணீரால் வந்தது என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாளாகக் குழாய்த் தண்ணீரில் வாடை அடிக்கிறது என்று மகளும் சொன்னாள். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று நானும் போனேன். வாசலில் சம்பந்தியம்மா வழக்கப்படி சொம்பை நீட்டினார். நான் வாங்கினேன். வாங்கி, அவர்கள் வாசற்படியிலேயே தலைகீழாகக் கவிழ்த்தேன்.

"இதக் குடிச்சுத்தானுங்க எங்க கொழந்தை சாகக் கெடந்துது."

சம்பந்தி திண்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினார். "இந்தத் தெருவே இதத்தானுங்க குடிக்குது. ஒரு நாய்க்குக்கூட ஒண்ணும் ஆகலீங்க. உங்க வம்சத்துக்கு மட்டும் வவுறு தங்கத்துலீங்களா?"

"ஆமாங்க. தங்கந்தானுங்க. உங்க சாயத்தண்ணி வவுறு இல்லீங்க."

சொம்பு பறந்து வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் முதலில் கேட்டது, மண்டைக்குள். பிறகு இடது கண்ணில் சிவப்பாகத் திரை விழுந்தது. நான் அவர் சட்டையைச் சேர்த்துப் பிடித்துத் தாடையில் ஒரு குத்து விட்டேன். பல்செட்டு தெறித்துக் கோலத்தின் மேல் போய் விழுந்தது. அவர் பல்லில்லாத வாயோடு என் கழுத்தைப் பிடித்து வாசல் நிலையில் மோதினார். எங்கள் ஊரில் அடித்தாலும் 'ங்க' போடாமல் அடிக்க மாட்டோம். "உங்களக் கொன்னுபோடுவனுங்க," என்றார். "கொல்லுங்க பாக்கலாம்," என்று நான் அவர் விலாவில் முட்டியை ஏற்றினேன். இடையில் விழுந்து விலக்க வந்த மாப்பிள்ளையின் மூக்கில் என் முழங்கை பட்டது. பட்டதா, அடித்தேனா என்று இன்றைக்கும் என் மனைவி கேட்கிறாள். இரண்டுக்கும் ரத்தம் ஒரே அளவுதான் வரும்.

குழந்தை வீறிட்டது. என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"ஏறு கண்ணு கார்ல. இனி இந்தப் படி நீ மிதிக்கறது இல்ல."

குழந்தையின் அழுகை நிற்க வேண்டும் என்பதற்காக ஏறினாள். நான் சொன்னதற்காக இல்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வடவள்ளியில் குழந்தை நாலே நாளில் தேறிவிட்டது. பார்த்தாயா சிறுவாணியை, என்று நான் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாப்பிள்ளை போன் செய்தால் மகள் மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுவாள். அவன் மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு காலையில் நான் சொன்னேன்: "அம்மணி, நீ இங்கயே இருந்துக்க. உனக்கென்ன கொறை? மாப்பிள்ளையும் வேணும்னா இங்க வரட்டும். பட்டறையில ஒரு டேபிள் போட்டுத் தாரேன்."

அவள் குழந்தைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, நீங்க கவுத்தது தண்ணியில்லீங்க. அந்த ஊட்ல எனக்கிருந்த எடத்தைக் கவுத்துட்டு வந்துட்டீங்க. நான் போகோணும். எனக்கு அது ஊடு. ஆனா சும்மா போக முடியாது. நீங்க போயி, அதே வாசல்ல, அதே சொம்புல வாங்கிக் குடிங்க. குடிச்சுப்போட்டு எனக்குப் போன் பண்ணுங்க. நான் பஸ் ஏறிக்கறேன்."

"குடிக்கலீனா?"

"குடிக்கலீனா இங்கயே இருந்துக்கறேனுங்கப்பா. ஒரு மூலையில இருந்துக்கறேன். ஆனா உங்ககூடப் பேச மாட்டேன். கொழந்தையையும் பேச உடமாட்டேன்."

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "போங்க. ஒரு சொம்புத் தண்ணி. வெசமா?"

"வெசந்தாண்டி! டாக்டரே சொன்னாருல்ல!"

"உங்களுக்கு வந்தா ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்குது."

யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் உள்ளுக்குள் குமைந்தேன். கடைசியில் என் மானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மோட்டார் அந்த வீட்டில் இருக்கிறது. அதைக் கழற்றிக்கொண்டு வரப் போகிறேன். அப்போது சொம்பு நீட்டினால் பார்த்துக்கொள்ளலாம். பைப் ரெஞ்சு, ஹேக்சா, குழாய்த் துண்டு, கப்ளிங், சம்மட்டி எல்லாவற்றையும் காரில் போட்டேன். பழக்கத்தில் தண்ணீர்க் கேனும் ஏறிவிட்டது.

சூலூர் தாண்டி, பல்லடம் சுற்றி, சம்பந்தியின் தெருவுக்குள் திரும்பினால் வாசலில் கூட்டம். அன்றைக்குத் தண்ணி விடுகிற நாள். தெருக்கடைசி வீட்டுக்காரர்கள் காலிக் குடங்களோடு சம்பந்தியைச் சூழ்ந்திருந்தார்கள். யாரோ பலகைக்கல்லைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். குழிக்குள் என் மோட்டார் பச்சைப் பெயின்ட் மினுங்க ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கூட்டுக் கொழாயில மாசக்கணக்கா காத்துத்தான் வருது! இங்க ஒளிச்சு வெச்சு உறிஞ்சிட்டிருக்கீங்க! யாருங்க இத மாட்டுனது?" என்று ஒரு அம்மாள் குடத்தால் சம்பந்தியின் நெஞ்சில் தள்ளிக் கேட்டார்.

சம்பந்தி என்னைப் பார்த்துவிட்டார். பார்த்தும் பேர் சொல்லவில்லை. வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். புதுப் பல்செட்டு இன்னும் பழகாத வாய்.

எனக்காக இன்னொருத்தன் அடி வாங்குவதா? நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"நாந்தானுங்க மாட்டுனேன். என்ற சொந்தக் கம்பெனி மோட்டாரு. என்ன இப்ப?"

என்ன இப்ப என்று சொல்லி முடித்தேனோ இல்லையோ, ஒரு பிளாஸ்டிக் குடம் என் மண்டையில் இறங்கியது. வெள்ளைச் சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. ஒரு இளவட்டம் என் பொடனியைப் பிடித்துத் தள்ளினான். நானும் விடவில்லை, ஒருவன் தொப்பையில் தலையால் முட்டினேன், இன்னொருவன் கட்டைவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினேன், அவன் முயல் மாதிரிக் கத்தினான். ஆனால் வயது இருக்கிறதே. காலை யாரோ தட்டிவிட்டார்கள். குப்புற விழுந்தேன். யாரோ என் வலது கையை மிதித்து நின்றார்கள். என் முகம் வாசலோரச் சாக்கடைக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கேதான் அதைப் பார்த்தேன்.

மகள் வீட்டுக் குழாய் அந்தச் சாக்கடையைக் குறுக்கே கடந்துதான் உள்ளே போகிறது. கறுப்புத் தண்ணீருக்கு அடியில் அதன் இணைப்பு இருக்கிற இடத்தில், சின்னதாக ஒரு சுழல். எச்சில் இலைத் துணுக்கு ஒன்று அதைச் சுற்றி வந்து, உள்ளே போய் மறைந்தது. காதைக் கொடுத்துக் கேட்டேன். முதுகில் உதை விழுந்துகொண்டிருக்கிறது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குழிக்குள் மோட்டாரின் சத்தத்தில் இடையிடையே ஒரு கரகரப்பு. காற்றும் சாக்கடையும் சேர்த்து இழுக்கிற சத்தம். உலகத்தில் எத்தனை பேருக்கு அந்தக் கரகரப்பு கேட்டிருக்கும்? எனக்குக் கேட்டது.

கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் என் மேலிருந்த பாரம் குறைந்தது. சம்பந்தி கூட்டத்துக்குள் பாய்ந்திருந்தார். கையில் வாசல் கூட்டுகிற சீமாற்றுக் கட்டை. அதன் அடிப்பக்கத்தால் விளாசிக்கொண்டிருந்தார்.

"டேய், அவரு எங்க சம்பந்திடா! அவர அடிக்கற பாத்தியதை எனக்கு மட்டுந்தான்டா இருக்குது! நீங்க யாருடா?"

நான் எழுந்து அவர் முதுகோடு முதுகு ஒட்டி நின்றேன். அவருக்கு விலாவில் ஒன்று விழுந்தது, எனக்குத் தோளில் ஒன்று. கிழவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் அந்தத் தெருவையே தள்ளி நிறுத்தினோம். மூச்சு வாங்கியது. அப்போதுதான் என் குரல் வந்தது.

"மோட்டார நிறுத்துங்க! சாக்கடையப் பாருங்க!"

மாப்பிள்ளை ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். அவன் மூக்கின் மேல் இன்னும் பிளாஸ்திரி. சுழல் நின்றது. அந்த இடத்திலேயே, கொஞ்ச நேரத்தில், சாக்கடைக்குள் குமிழி குமிழியாகத் தெளிந்த தண்ணீர் பொங்கி வந்தது. "போடுங்க," என்றேன். போட்டான். மறுபடி சுழல், மறுபடி கறுப்பு உள்ளே போனது. குடம் ஓங்கியவர்கள் எல்லாம் குனிந்து பார்த்தார்கள்.

சம்பந்திக்குப் புரிய நேரம் ஆகவில்லை. "அப்ப எங்கூர்த் தண்ணி?"

"உங்கூர்த் தண்ணியில சீக்கில்லீங்க. ஜாயின்ட்டு விட்டிருக்குது. சும்மா வந்தா தண்ணி வெளியதான் கசியும். என்ற மோட்டாரு இழுக்கறப்ப சாக்கடை உள்ள வருது." என்னால் அத்தோடு நிறுத்த முடியவில்லை. "வேற கம்பெனி மோட்டாரா இருந்தா இந்த அளவுக்கு இழுக்காதுங்க. என்றதோட இழுவை அப்படி."

குடத்தால் தள்ளிய அம்மாள் தலையில் கை வைத்தார். "இந்தக் கூத்தப் பாருங்கடி. அடி வாங்கிக் கெடக்கறப்பவும் வாயப் பாரு."

நான் குழிக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றித் தெரு நடுவில் போட்டேன். காரிலிருந்து சம்மட்டி எடுத்து வந்தேன். மிதிபட்ட வலது கை கொதித்தது. அதே கையால் ஓங்கி அடித்தேன். என் கையால் வார்த்த இரும்பு, அவ்வளவு சுலபத்தில் உடையாது. முதல் அடிக்கு மணி மாதிரி சத்தம் மட்டும் வந்தது. அடுத்த அடிக்கு மூடி பிளந்தது. பிறகு எண்ணவில்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையின் கறுத்த புறங்கை என் கண்ணில் வந்து வந்து போனது. ஒவ்வொரு முறை வரும்போதும் அடித்தேன். செம்புக் கம்பி குடல் மாதிரி வெளியே சரிந்தது. கடைசியில் என் கம்பெனிப் பெயர் பொறித்த தகடு மட்டும் முழுசாகக் கிடந்தது. அதையும் அடித்தேன்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கினேன். தண்ணி விடுகிறவனைக் கூப்பிட்டு வால்வை அடைக்கச் சொன்னார் சம்பந்தி. இற்றுப்போன துண்டை ஹேக்சாவால் அறுத்து, சாக்கடைக்கு மேலாகப் புதுக் குழாயைத் தூக்கி இணைத்தேன். தொட்டியை இறைத்துக் கழுவினோம், மாப்பிள்ளையும் நானும். வால்வைத் திறந்ததும் தண்ணீர் வந்தது. நூல் மாதிரிதான். தெருக்கடைசியில் குடம் நிறைகிற சத்தம் கேட்டது.

கிணற்றடியில் உப்புத் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டு, கிழிந்த சட்டையோடு வாசலுக்கு வந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். சம்பந்தியம்மா உள்ளே போனார். அதே சொம்பு. என் நெற்றி பட்ட இடத்தில் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. அதில் நிறையப் பிடித்து வந்து நீட்டினார்.

"குடிங்க சம்பந்தி."

வாங்கினேன். நசுங்கிய பக்கம் உள்ளங்கையில் சரியாக உட்கார்ந்தது. சம்பந்தி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கறிவேப்பிலைச் செடியும் அங்கேதான் நின்றது. அண்ணாந்து ஊற்றினேன். உதட்டு வெடிப்பில் பட்டு எரிந்தது. ரத்தமும் கொஞ்சம் கலந்து உள்ளே போனது. இனிப்பா என்றால் இல்லை. சிறுவாணி சிறுவாணிதான், அதை எவன் வந்தாலும் மாற்ற முடியாது. ஆனால் நாக்கு சுருளவில்லை. சொம்பு காலியாகும் வரை குடித்து, கவிழ்த்துக் காட்டினேன். படியில் ஒரு சொட்டுத்தான் விழுந்தது.

மாப்பிள்ளை போன் போட்டுக் கொடுத்தான்.

"அம்மணி, குடிச்சுப்போட்டேன்."

"முழுசாவுங்களா? துப்பலீங்களே?"

பதில் சொல்வதற்குள் சம்பந்தி போனைப் பிடுங்கினார். "துப்பலைம்மா. நான் தொண்டக்குழியவே பாத்துட்டு நின்னேன். ஏறி எறங்குச்சு. நீ கொழந்தையைக் கூட்டிட்டு வா சாமி."

"வாரேனுங்க மாமா," என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. சொல்லி முடித்ததும் மூக்கை உறிஞ்சினாள். என்னிடம் வேறு ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது போதும்.

அவள் வருகிற பஸ்ஸுக்காக இருவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு, நான் கையை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து அவர் காரைக் காட்டிக் கேட்டார்.

"அந்தக் கேன்ல இருக்கறது அதுதானுங்களா?"

"அதுதானுங்க. அசல் சிறுவாணி."

அவரே எழுந்து போய்க் கேனைத் தூக்கி வந்து, அதே சொம்பில் ஊற்றினார். ஒரு வாய் குடித்தார். வாய்க்குள் அப்படியும் இப்படியும் உருட்டினார். நான் அவர் வாயைப் பார்த்தேன், பிறகு கறிவேப்பிலைச் செடியைப் பார்த்தேன். விழுங்கிவிட்டார்.

"எப்படீங்க?" என்றேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது." இன்னொரு வாய் குடித்தார். "ஆனா ஒண்ணுங்க. வெறுந்தண்ணி மாதிரி இருக்குது. ருசி பத்தலை."

எனக்கு ரத்தம் சுரீரென்று ஏறியது. கையை முறுக்கப் பார்த்தேன். விரல்கள் வீங்கியிருந்தன, ஒன்றும் மடங்கவில்லை.